நண்பகலில் விரியும் பூ

பல்கணிச் சாடியில் கறிமிளகாய் வளர்ப்பது பற்றிச் சில வாரங்களுக்கு முன் இப்பத்தியில் எழுதியிருந்தேன். அதனைப் படித்த வாசகி ஒருவர் ஸ்ருட்கார்ட் பக்கத்திலிருந்து கடிதம் அனுப்பியிருக்கிறார். கறிமிளகாய் பற்றி இரண்டு வரிகள் எழுதிவிட்டு, கடிதத்தின் கடைசியில், கேட்பதற்குத் தயங்கியவர் போல, ஒரு கேள்வியை வைத்திருந்தார். அவருடைய தந்தையார் சென்ற குளிர்காலத்தில் காலமாகி இங்கேயே அடக்கம் செய்யப்பட்டாராம். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். கல்லறையில் எதை நட்டாலும் அடுத்த கிழமை போகும்போது கருகிக் கிடக்கிறது. பக்கத்துக் கல்லறைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். என்ன செய்வது என்று கேட்கிறார்.

மரணத்தைப் பற்றி நாம் இங்கு நிறையவே பேசுகிறோம். ஆனால் இந்த நாட்டு மண்ணில் நம்மவர் கல்லறைகளும் பெருகிவிட்டன என்பதையும், அவற்றை யார் பார்ப்பது என்பதையும் பேசத் தயங்குகிறோம். கத்தோலிக்கர்களுக்கும் ஏனைய கிறித்தவர்களுக்கும் மட்டுமான விடயமென்று இதனை ஒதுக்கிவிடவும் முடியாது. சைவ முறைப்படி தகனம் செய்தாலும், அஸ்தியை வீட்டில் வைத்திருக்கவோ விரும்பிய ஆற்றில் கரைக்கவோ பெரும்பாலான ஜேர்மன் மாநிலங்களில் சட்டம் இடங்கொடாது. ஊருக்கோ இந்தியாவுக்கோ கொண்டுபோக வழி செய்துகொள்ளாதவர்கள் அதனையும் இடுகாட்டில் ஒரு சிறு குழியில்தான் வைக்கவேண்டியிருக்கிறது. அந்தச் சிறு குழிக்கும் மேலே ஒரு பாத்தி உண்டு. அதைப் பேணும் பொறுப்பு குடும்பத்தைச் சேர்ந்தது.

ஊரில் சேமக்காலை வேறு விதமானது. கார்த்திகை இரண்டாம் திகதி சகல ஆத்துமாக்கள் நாளுக்கு முன் புல் செருக்கி, சுண்ணாம்பு பூசி, மெழுகுதிரியும் பூவும் வைத்துவிட்டால் ஆண்டுக் கடமை முடிந்தது. எஞ்சிய நாட்களில் வெண்மணலும் சிலுவையுமாக அது தன்பாட்டில் கிடக்கும். இளவாலையில் எங்கள் அப்பாவின் கல்லறை அப்படித்தான் இருந்தது. இங்கோ இடுகாடு என்பது தோட்டம். கார்ல்ஸ்ரூஹேயின் பிரதான இடுகாடு 1874 இலேயே பூங்கா போலத் திட்டமிட்டு அமைக்கப்பட்டதாகும். ஒவ்வொரு கல்லறையும் ஒரு பூப்பாத்தி. பாத்தி வாடினால் இறந்தவருக்கு ஆளில்லை என்று பொருள்.

எங்கள் அம்மா 2002 பெப்ரவரியில் காலமானார். நகரின் புறத்தேயுள்ள சிறிய இடுகாடொன்றில் அவரை அடக்கம் செய்தோம். புதைத்த மண் தாழ்ந்து இறுகுவதற்கு அரை ஆண்டுக்கு மேல் எடுக்கும். அதற்கு முன் கல்லும் வைக்கக்கூடாது, நிரந்தரமாக ஒன்றும் நடவும் கூடாது. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில்தான் நடத் தொடங்கினேன். அம்மாவுக்கு மல்லிகைதான் பிடிக்கும். மல்லிகை இந்தக் குளிரில் வெளியே நிற்காது என்று தெரிந்தும் ஒரு கன்று வாங்கி வைத்தேன். டிசெம்பரில் அது முடிந்தது. மறு ஆண்டு வைகாசியில் பெகோனியாவும் வேறு பருவப் பூக்களுமாக, கடைக்காரர் காட்டியதெல்லாம் வாங்கி நட்டேன்.

பிறகு வந்தது 2003 ஓகஸ்ட். அக்கோடையை மறந்திருக்க மாட்டீர்கள். அம்மாதம் 9 ஆம் திகதியும் 13 ஆம் திகதியும் கார்ல்ஸ்ரூஹேயில் 40.2 பாகை வெப்பம் பதிவாயிற்று. அதுவரை ஜேர்மனியில் அதைவிடக் கூடிய வெப்பம் அளக்கப்பட்டதில்லை. அப்போது நான் விடியற்காலையில் அலுவலகம் துப்புரவு செய்யும் வேலையும் பிற்பகலில் இன்னொரு வேலையுமாக இருந்தேன். பத்து நாட்கள் அம்மாவிடம் போகவில்லை. போனபோது பாத்தி முழுவதும் கடதாசி எரிந்தது போலக் கிடந்தது. கல்லில் ஒரு சிறு ஒட்டுத்தாள்: கல்லறை பராமரிக்கப்படவில்லை, உரியவர்கள் தொடர்புகொள்ளவும். எழுதியவர் தம் கடமையைத்தான் செய்தார். ஆனால் பதினைந்து மாதக் குழந்தையும் இரண்டு வேலையுமாக அலைந்த எனக்கு, அம்மாவை நடுத்தெருவில் விட்டவள் என்று ஊரறிய எழுதி ஒட்டியது போலிருந்தது. அந்தத் தாளை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன்.

அப்போதுதான் பக்கத்துக் கல்லறையைப் பார்த்தேன். சுற்றிலும் எல்லாம் கருகிக்கிடக்க, அங்கே மட்டும் தரையோடு தரையாகப் பச்சை விரித்து, அதன்மேல் ஊதாவும் செம்மையும் கலந்த நிறத்தில் சிறு சிறு மொட்டுக்கள். நேரம் மாலை ஏழு மணி, பூக்களெல்லாம் கூம்பியிருந்தன. தம் கணவரின் கல்லறைக்கு அன்று வந்திருந்த முதிய ஜேர்மன் மாது என் முகத்தையும் சுரண்டிய தாளையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. "மிட்டாக்ஸ்புளூமெ" என்று அச்செடியைக் காட்டிச் சொன்னார். "ஞாயிற்றுக்கிழமை மதியம் வாருங்கள், அப்போதுதான் இவள் கண்விழிப்பாள்."

பூசை முடிந்து போய்ப் பார்த்தேன். ஊசி ஊசியாய் எண்ணற்ற மெல்லிய இதழ்கள், பட்டுத் துணி போன்ற மினுக்கம், நடுவில் வெண்மஞ்சள் பொட்டு. பச்சை தெரியாதபடி பூ மூடியிருந்தது.

மிட்டாக்ஸ்புளூமெ என்றால் நண்பகல் மலர் என்று பொருள். இலைகள் சதைப்பற்றானவை, விரல் நுனியளவு நீளம். வெயிலில் பார்த்தால் சீனி தூவியது போல மின்னும். இலையின் மேற்றோலில் நீர் நிறைந்த நுண்ணிய கொப்புளங்கள் இருப்பதே காரணம். ஆங்கிலேயர் இதனைப் பனிக்கட்டிச் செடி என்றழைப்பதும் இதனால்தான். உயரம் ஒரு சாண் கூட வராது; பக்கவாட்டில் ஒரு முழம் படரும். பூக்கும் காலம் ஆனியிலிருந்து ஐப்பசி வரை. இதழ்கள் போலத் தோன்றுபவை உண்மையில் இதழ்களல்ல, மகரந்தக் கேசரங்கள் உருமாறியவை.

பெயரிலும் ஒரு சுவை உண்டு. பழைய ஆசிரியத் தொழில் என்னை விடவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். இவ்வகைச் செடிகளுக்கு 1684 இல் பிரைனே என்ற அறிஞர் கிரேக்க மொழியில் நண்பகல் மலர் என்று பொருள்பட மெசெம்பிரியாந்தெமம் எனப் பெயரிட்டார். பின்னர் இரவில் பூக்கும் இனங்களும் உண்டெனத் தெரியவந்தது. பெயர் பிழையாகிவிட்டதே! டில்லேனியஸ் என்பவர் முழுப்பெயரையும் மாற்றாமல், ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, ஓசை அப்படியே இருக்க, நடுவே கருவையுடைய மலர் என்று வேறு பொருள் வரச்செய்தார். குளிரைத் தாங்கி நிற்கும் நம்முடைய செடி இருக்கும் பிரிவுக்கு டெலோஸ்பெர்மா என்று பெயர். வெளிப்படத் தெரியும் விதை என்பது அதன் பொருள். காய்ந்த விதைக்கூட்டை ஒரு கரண்டி நீரில் இடுங்கள். சில நிமிடத்தில் அது நட்சத்திரம் போல விரியும். உலரவிட்டால் மறுபடி மூடிக்கொள்ளும். மழை வந்தால்தான் விதையை வெளியே விடுவது என்று வைத்திருக்கிறது. பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல வேடிக்கை கிடையாது.

தாயகம் தென்னாபிரிக்கா. அதற்காக நமக்கு முற்றிலும் அந்நியமென்று எண்ணவேண்டாம். ஊரில் வேலியோரம் தானாய் முளைக்க, நாம் பறித்து வறை வறுக்கும் சாரணை இதே குடும்பம். கடலேரிக் கரைகளில் செந்தண்டும் இளஞ்சிவப்புப் பூவுமாய்ப் படருகிறதே வங்காரவள்ளைக்கீரை, அதுவும் இதே குடும்பம். ஆனால் பத்துமணிப்பூ, சிலர் ஜப்பான் ரோசா என்பார்கள், அது தோற்றத்தில் மட்டுமே ஒத்தது, குடும்பம் வேறு. அது இங்கு ஒரு கோடைக்கு மேல் நிற்காது.

அம்மா இதையெல்லாம் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். நாங்கள் 1996 இல் இங்கு வந்த புதிதில், விடுதி அறையில் அடைந்து கிடக்க முடியாமல், அரண்மனைக்குப் பக்கத்திலுள்ள தாவரவியல் தோட்டத்து வாங்கில் போய் இருப்போம். அதற்கு அருகில்தான் நம்மவர் எல்லோரும் பெயரறிந்த அரசியலமைப்பு நீதிமன்றம். 1989 யூலை 10 இல் ஈழத்தமிழர் சிலரின் முறைப்பாடுகள் மீது அந்நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு தமிழர் தீர்ப்பு என்றே பெயர் பெற்று, பின்வந்த அகதி வழக்குகளில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்டது. சொந்த நாட்டிலேயே ஒதுங்கி வாழ வேறிடம் இருந்ததா என்ற கேள்வி அதில் விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது. நான் நீதிமன்றத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா தோட்டத்தைப் பார்ப்பார். ஒரு நாள் அங்கே கண்ணாடி வீட்டுக்குள் கள்ளிகளை வைத்து வெப்பமூட்டியிருப்பதைக் கண்டுவிட்டு, "பார் பிள்ளை, எங்கடை வேலிக் கள்ளிக்கு இஞ்சை கண்ணாடி வீடு. எங்களுக்கு ஹைம்!" என்றார். விசாரணைக் கடிதம் வருமோ என்று ஏங்கிக்கொண்டிருந்த அந்த நாட்களில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

செடிக்கு வருகிறேன். முதிய மாது ஒரு பிடி தண்டுகள் ஒடித்துத் தந்தார். செப்டெம்பர் மாதம், காலம் பிந்திவிட்டது என்றும் சொன்னார். நான் கேட்கவில்லை. கல்லறை மண் என்று பையில் விற்கும் கறுப்பு மண்ணை, நீரைப் பஞ்சு போல இழுத்து வைக்கும் மண்ணை, நிறையக் கொட்டி நட்டேன். ஒட்டுத்தாளின் பயத்தில் இரண்டு நாளைக்கு ஒரு முறை ஓடிப்போய் நீர் ஊற்றினேன். குளிர் வந்ததும் ஐயோ பாவமென்று பொலித்தீன் விரிப்பால் மூடினேன். 2004 பங்குனியில் விரிப்பை எடுத்தால், அடியில் கூழ். பிடித்துத் தூக்கினால் கையோடு வழிந்து வந்தது.

"குளிரில் சாகவில்லை, ஈரத்தில் செத்திருக்கிறது" என்றார் அந்த மாது. இச்செடி வளர்ப்பில் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்காற்பங்கு அந்த வாக்கியத்தில் அடங்கும். தென்னாபிரிக்காவின் டிறாக்கன்ஸ்பேர்க், லெசோத்தோ மலைப்பகுதிகளில் மழை பெய்வது கோடையில். குளிர்காலம் உறைபனியோடு கூடியதாயினும் வறண்டது. ஆகவே குளிரை இச்செடி அறியும். உலர்ந்த மண்ணில் நின்றால் பூச்சியத்துக்குக் கீழ் பதினைந்து பாகையைத் தாங்கும். இங்குள்ள குளிர்காலமோ மழையும் சேறும். வேரடியில் நீர் தேங்கினால் கழுத்து அழுகிவிடும். நாம் கொல்வது பெரும்பாலும் ஊற்றித்தான்.

எனவே மண்ணை முதலிற் பாருங்கள். கார்ல்ஸ்ரூஹேயைச் சுற்றியுள்ள காட்டு நிலம் இயல்பிலேயே மணற்பாங்கானது. இங்குள்ளவர்களுக்குப் பாதி வேலை மிச்சம். களிமண் பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு சாண் ஆழத்துக்குக் கிளறி, பாதி மண்ணுக்குப் பாதி குருமணலோ சிறு சல்லியோ கலக்க வேண்டும். கறுப்பு மண் பை வேண்டாம். பாத்தியை நடுவில் சற்று மேடாக, ஆமை முதுகு போல அமைத்தால் மழைநீர் வழிந்தோடிவிடும். நட்டபின் செடிகளுக்கிடையில் மேலே ஒரு விரற்கடை சல்லி பரப்புங்கள். இலைகள் ஈரமண்ணில் படாமல் இருக்கும், களையும் குறையும்.

வாங்கும்போது கவனம் தேவை. மிட்டாக்ஸ்புளூமெ என்ற பெயரில் பல செடிகள் விற்கிறார்கள். லம்பிராந்தஸ் பார்வைக்கு இன்னும் அழகு. ஆனால் உறைபனிக்கு நில்லாது. அப்தேனியா என்று இதய வடிவ இலையோடு வருவதும் அப்படியே. சீட்டில் டெலோஸ்பெர்மா என்றும் வின்டர்ஹார்ட், அதாவது குளிர் தாங்கும், என்றும் இரண்டு சொற்களும் இருக்கவேண்டும். ஊதாச் செம்மைப் பூவுடைய கூப்பெரி இனம் அதிகம் பூக்கும். மஞ்சட் பூவுடைய கொங்கெஸ்தும் இனம் குட்டையானது, குளிரை இன்னும் நன்றாகத் தாங்கும், பனிக்காலத்தில் இலை சிவக்கும். சாடி ஒன்று நாலைந்து யூரோவுக்குள் கிடைக்கும். கன்றுக்குக் கன்று 25 முதல் 30 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டால், ஒரு கல்லறைக்குப் பத்துப் பன்னிரண்டு போதும். இரண்டாம் கோடையில் மூடிவிடும்.

தண்டு கிடைத்தால் அதுவும் செலவில்லை. வைகாசி முதல் ஆடி நடுப்பகுதிக்குள், பூவில்லாத தளிராகப் பார்த்து, சுண்டுவிரல் நீளத்துக்கு வெட்டி, அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, வெட்டுவாய் உலர ஓரிரு நாள் நிழலில் கடதாசிமேல் போட்டுவிடுங்கள். உடனே நட வேண்டுமென்று கை துடிக்கும், பொறுங்கள். பிறகு மணல் கலந்த மண்ணில் பாதி புதையுமாறு குத்தி, சற்றே நனைத்து வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும்.

முதற் கோடையில் மட்டும் வாரம் ஒரு முறை நீர் தேவை. அதன்பின் கடும் வெயிலில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஊற்றினால் பூ அதிகரிக்கும், ஊற்றாவிட்டாலும் சாகாது. செப்டெம்பரிலிருந்து ஒரு சொட்டும் வேண்டாம். பசளை ஏறக்குறைய வேண்டியதில்லை. கூடினால் தண்டு கொழுத்துக் குளிரில் வெடிக்கும். பொலித்தீன் எக்காரணத்துக்கும் கூடாது. ஜேர்மனியர்கள் நவம்பரில் கல்லறைகளின்மேல் தேவதாருக் கிளைகளைப் பரப்புவதைக் கண்டிருப்பீர்கள். அது காற்றோட்டமுள்ளது, இலேசாகப் போடலாம். மரங்களிலிருந்து விழும் இலைச்சருகு ஈரத்தோடு அப்பிக் கிடந்தால் அதைக் கையால் பொறுக்கிவிட வேண்டும். வெண்பனி மூடினால் பயப்படத் தேவையில்லை, அது போர்வை. பங்குனியில் பார்க்கும்போது பாதி செத்தது போலச் சுருங்கிக் கிடக்கும். பிடுங்கிவிடாதீர்கள். காய்ந்த நுனிகளை மட்டும் கத்தரித்து, சித்திரை முடியும்வரை காத்திருங்கள்.

வெயில் அரைநாளாவது நேரே விழாத கல்லறைக்கு இது பொருந்தாது. மரநிழலில் பூ விரியவே மாட்டாது. அங்கே ஐவிக்கொடிதான் வழி.

என் பாத்தி 2004 இல் மணலும் சல்லியும் கலந்து மறுபடி நட்டது. தண்டும் அந்த மாதே தந்தார். இரண்டாம் முறையும் தந்தார். 2012 பெப்ரவரியில் ஐரோப்பா முழுவதும் உறைந்த அந்த இரு வாரங்களில் போயிற்றென்றே நினைத்தேன். ஓரங்கள் போயின, நடுவிலிருந்து மீண்டும் படர்ந்தது. வேலை நாட்களில் மாலையில் போகும் எனக்கு எப்போதும் கூம்பிய பூக்களே கிடைத்தன. ஆகவே கோடை ஞாயிறுகளில் பூசை முடிந்து நேரே அங்கே போவது வழக்கமாயிற்று. மகனும் வருவான். விதைக்கூட்டை நீரில் போட்டு விரியவைப்பான்.

இன்னொன்றையும் அந்த வாசகிக்குச் சொல்லவேண்டும். இது பலருக்குத் தெரியாமல் பின்னர் மனவருத்தமாகிறது. இந்நாட்டில் கல்லறை நிலம் நமக்குச் சொந்தமன்று, குறித்த ஆண்டுகளுக்கான குத்தகை. ரைஹென்கிராப் என்ற வரிசைக் கல்லறை வாங்கினால் தவணை முடிந்தபின் நீடிக்க முடியாது; கல்லை எடுத்து நிலத்தைச் சமப்படுத்திவிடுவார்கள். வால்கிராப் என்ற தெரிந்தெடுத்த கல்லறையாயின் பணம் கட்டி நீடிக்கலாம். துக்க வீட்டில், பத்திரங்களில் கையெழுத்து வைக்கும் அவசரத்தில், இவ்வேறுபாட்டை யாரும் கேட்பதில்லை.

எங்களுடைய தவணை 2022 இல் முடிந்தது. சகோதரர்கள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். தொலைபேசியில் நீண்ட விவாதம். "இருபது வருசம் பார்த்திட்டாய், காணும். உனக்குப் பிறகு ஆர் பாக்கிறது?" என்றார் அண்ணன். கேள்வி நியாயமானது. மகன் ஹம்பேர்க்கில் வேலை செய்கிறான். ஆண்டுக்கு இரண்டு தடவை வருவான். எனக்கும் முழங்கால் மடங்க மறுக்கிறது. இரவெல்லாம் யோசித்துவிட்டு மகனிடம் கேட்டேன். "அம்மம்மாவின்ரை செடிக்கு வருசத்துக்கு ரண்டு தரம் போனாக் காணும்தானே" என்றான். நீடித்தோம்.

அந்த முதிய மாது 2011 இல் காலமாகி, கணவரின் கல்லறையிலேயே அடக்கமானார். பிள்ளைகள் இல்லை. பின்னர் கல்லை எடுத்தார்கள்; இப்போது அவ்விடம் புல்தரை. எங்கள் பாத்தியின் அந்தப் பக்கத்து ஓரத்தில் செடி கல்வரம்பைத் தாண்டி அப்புல்லுக்குள் ஒரு முழம் போயிருக்கிறது. புல் வெட்டுகிறவர் ஒவ்வொரு முறையும் அதைச் சேர்த்து வெட்டுகிறார். ஒவ்வொரு முறையும் அது மறுபடி போகிறது. விதிப்படி நான் அதைக் கத்தரித்து விடவேண்டும். கத்தரிக்கவில்லை.

தண்டு தேவைப்படுவோர் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள். கார்ல்ஸ்ரூஹே சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களுக்கு வைகாசி நடுப்பகுதியில், ஐஸ்ஹைலிகெ எனப்படும் கடைசிக் குளிர் நாட்கள் கழிந்தபின், நேரில் தருகிறேன். தூரத்தில் உள்ளவர்கள் முத்திரை ஒட்டிய உறையொன்றை அனுப்பினால் போதும். ஈரமில்லாத கடதாசியில் சுற்றி அனுப்பினால் நாலைந்து நாள் தாங்கும். உறைக்குள் ஈரப்பஞ்சு வைக்கச் சொல்லி மட்டும் யாரும் எழுதவேண்டாம்.